‘கிங் டேவிட்’ படத்தைச் சபையாருக்குத் திரையிட எண்ணுகிறவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்கள் நெருங்கும்போது எங்கள் பக்கத்துச் சேகரங்களில் (சபை வட்டாரங்களில்) யாராவது ஒருவர், இந்த முறை வேதாகமப் படம் ஒன்று போட்டால் என்ன என்று கமிட்டியில் பேச்செடுப்பார். எல்லோரும் தலையசைப்பார்கள், பொறுப்பு மட்டும், ‘உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்’ என்ற பாராட்டோடு ஒருவர் தலையில் வந்து இறங்கும். பாளையங்கோட்டைப் பக்கம் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கும் அது அவ்வாறே வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு வாலிபர்களுக்கான வேதாகமத் தேர்வு சாமுவேலின் இரண்டு புத்தகங்களில் இருந்தது. ஆகவே அவற்றில் வரும் இஸ்ரவேல் ராஜா தாவீதைப் பற்றிய படம்தான் வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்து, ரிச்சர்ட் கியர் நடித்து 1985-இல் வெளிவந்த ‘கிங் டேவிட்’ என்ற ஆங்கிலப் படத்தின் பெயரையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். கமிட்டியில் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அதன் பிறகு எனக்கு நேர்ந்ததையெல்லாம் எழுதி வைப்பதற்குக் காரணம், இதே வேலை இன்னொருவர் கைக்கு வரும்போது அவருக்கு ஏறத்தாழ 11,000 ரூபாயும் கொஞ்சம் மன நிம்மதியும் மிஞ்ச வேண்டும் என்பதுதான்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கமிட்டிக்காரர்களிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும். இது பாராமவுண்ட் நிறுவனம் 1985 மார்ச் 29 அன்று, அதாவது அந்த ஆண்டின் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அமெரிக்காவில் வெளியிட்ட படம். ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அங்கே சுமார் 50 லட்சம் டாலர்தான் வசூலித்தது. ஆண்டின் மோசமான படங்களைக் கேலி செய்து கொடுக்கப்படும் கோல்டன் ராஸ்ப்பெர்ரி விருதுக்கு, மோசமான நடிகர் என்ற பிரிவில், கியரின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. இத்தனைக்கும் எடுத்தவர் சாதாரண ஆள் இல்லை. ஆஸ்திரேலியரான புரூஸ் பெரெஸ்ஃபோர்டு அதற்கு முன்பே சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்றவர். நான்கே ஆண்டுகள் கழித்து அவர் எடுத்த ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ சிறந்த படத்துக்கான ஆஸ்காரையே வென்றது. படப்பிடிப்பின் பெரும்பகுதி இத்தாலியில், மட்டேரா என்ற ஊரின் குகை வீடுகளின் நடுவிலும், நிலச்சரிவுக்குப் பின் மக்கள் விட்டுச் சென்ற கிராக்கோ என்ற மலையூரிலும் நடந்தது. அந்தக் கல்லும் புழுதியும் திரையில் பார்க்க உண்மையாகவே யூதேயா மலைநாட்டைப் போலத்தான் இருக்கின்றன. ஆகவே இது அலட்சியமாக எடுக்கப்பட்ட படம் அன்று. பணமும் திறமையும் நல்ல இடமும் இருந்தும் தோற்றுப் போன படம். அதனால்தான் சுவரொட்டியையும் பெயர்களையும் பார்த்துவிட்டு நல்ல படமாகத்தான் இருக்கும் என்று எவரும் நம்பிவிடுவார்கள்.

குறுந்தட்டு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. உள்ளூர்க் கடைகளில் இல்லாததால் இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம், கூரியர் செலவும் சேர்த்து 2,300 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எல்லா நாடுகளிலும் ஓடும் என்று விற்பனைப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார். வந்த தட்டை வீட்டு டிவிடி பிளேயரில் போட்டபோது நீலத்திரையில் மண்டலம் பொருந்தவில்லை என்ற ஒரு வரிதான் வந்தது. டிவிடிகளில் உலகம் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கா 1, இந்தியா 5. தட்டின் பின்னட்டையில் பூகோள உருண்டையின் படத்துக்குள் ஒரு சிறு எண் அச்சிடப்பட்டிருக்கும்; வாங்குவதற்கு முன் பின்னட்டையின் புகைப்படத்தை அனுப்பச் சொல்லி அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். விற்றவரோ பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை. கணினியில் போட்டுப் பார்க்கலாமே என்று தெரிந்த பையன் ஒருவன் சொன்னான். கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும், அதன் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே நின்றுவிடும் என்பதையும் அவனே சொன்னதால், அடுத்தவர் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் எல்லா மண்டலத் தட்டுகளையும் ஏற்கும் பிளேயர் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தப் பிளேயர் இன்றும் ஓடுகிறது என்பது ஒரு ஆறுதல்.

அடுத்தது சட்டம். இதைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் யாருமே பேசுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய தட்டுதானே, கோவில் வளாகத்தில் இலவசமாகத்தானே போடுகிறோம் என்பதே எல்லோருடைய நினைப்பும். சபையில் உள்ள வழக்கறிஞர் தம்பி ஒருவரிடம் கேட்டபோது அவர் பொறுமையாக விளக்கினார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52-ஆவது பிரிவில், சமய நிறுவனங்களின் நன்மைக்காக நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு ஒரு விலக்கு தருகிறது. ஆனால் அது இலக்கியம், நாடகம், இசை ஆகியவற்றை நிகழ்த்துவதற்குத்தான், அந்த வரியில் திரைப்படம் இல்லை. திரைப்படத்தைக் குறிப்பிடுகிற விலக்கு கல்வி நிறுவனங்களுக்கானது; அதிலும் பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்றவர்களாக மட்டும் இருக்க வேண்டும். இது தவிர, 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த தட்டுக்கு அந்தச் சான்றிதழ் எங்கே இருக்கப் போகிறது? உரிமையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். எனக்கு எந்தப் பதிலும் வரவில்லை. ஆகவே கோவில் மைதானத்தில் திரை கட்டும் திட்டத்தைக் கைவிட்டு, வளாகத்துப் பள்ளியின் கூடத்தில், மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் மட்டும், பாட வேளையின் தொடர்ச்சியாகக் காட்டுவது என்று முடிவாயிற்று. உங்கள் ஊரில் இதைச் செய்வதாக இருந்தால், சட்டம் தெரிந்த ஒருவரிடம் முதலிலேயே கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கி, கமிட்டிக் குறிப்பேட்டில் சேர்த்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது ஞாயிறு அறிவிப்பு வரைக்கும்கூடத் தாங்காது, எனக்குத் தாங்கவில்லை.

தட்டு ஓடத் தொடங்கியதும் நான் படத்தை வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தேன். அது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல், எதிரி ராஜாவான ஆகாகைத் தப்பவிட்ட நிகழ்ச்சியில் தொடங்கித் தாவீதின் மரணப்படுக்கையில் முடிகிறது. அதாவது ஒன்று சாமுவேல் 15-இலிருந்து ஒன்று இராஜாக்கள் 2 வரை, மொத்தம் 43 அதிகாரங்கள். படத்தின் நீளம் 114 நிமிடம். ஓர் அதிகாரத்துக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காத இந்த அவசரம்தான் படத்தின் நோய் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சவுலின் மகன் யோனத்தானின் நட்பு மனத்தில் இறங்குவதற்குள் அவன் போய்விடுகிறான். தாவீதை மணந்த சவுலின் மகள் மீகாளின் காதல் கசப்பாக மாறிய விதம் தெரிவதற்குள் அவள் ஜன்னலண்டை நிற்கிறாள். வேதத்தைத் திறந்து வைத்திருக்கிறவனுக்கு விட்டுப்போன இடமெல்லாம் தானாக நிரம்பிவிடும். வேதம் தெரியாதவனுக்கோ யார் யாரைக் கொல்கிறார்கள், எதற்காகக் கொல்கிறார்கள் என்பதே புரியாது. ஆகாகின் தலை வெட்டப்படும் காட்சி, தாவீது ஆசைப்பட்ட பிறன்மனைவி பத்சேபாள் குளிக்கும் காட்சி, தாவீதின் மகள் தாமாரைப் பற்றிய பகுதி ஆகியவை பிள்ளைகளுக்கு ஆகாது என்று நிமிடக் கணக்கோடு எழுதி, எந்தெந்த இடத்தில் நிறுத்தித் தாண்ட வேண்டும் என்ற பட்டியலையும் சேர்த்துச் செயலரிடம் கொடுத்தேன். அமெரிக்காவிலேயே இந்தப் படத்துக்கு 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பெற்றோருக்கு எச்சரிக்கை தரும் தரச்சான்றுதான் கொடுத்திருந்தார்கள் என்பதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். ‘வேதத்துல இருக்கறதுதான, அப்படியே போடுங்க சார்’ என்று பதில் வந்தது. அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தது பிற்பாடு எனக்கு எவ்வளவு உதவியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மட்டும் என்று பேசி முடித்திருந்த நிகழ்ச்சியை, அதற்கு முந்தைய ஞாயிறு ஆராதனையில், ‘தாவீது ராஜாவின் வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம், சபையார் அனைவரும் குடும்பத்தோடு வருக’ என்று அறிவித்துவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்ட எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆராதனை முடிந்து குருவானவரைத் தனியே பார்த்துச் சொன்னேன்; அவர் நல்லவர், ஆனால் புதிதாக மாற்றலாகி வந்தவர், ‘அறிவிச்சாச்சே ஐயா, இனி எப்படி வேண்டாம்கிறது’ என்று கையைப் பிசைந்தார். நிகழ்ச்சி நாளன்று மாலை ஆறரை மணிக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் பாய் விரித்துப் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஊர் ஊராகத் தமிழில் திரையிடப்பட்ட இயேசுவின் வாழ்க்கைப் படங்களைப் பார்த்து அழுது பழகிய கூட்டம் அது. கையில் கைக்குட்டையோடுதான் வந்திருந்தார்கள். புரொஜெக்டர், திரை, ஒலிபெருக்கி வாடகை 4,000, ஜன்னல்களில் வெளிச்சம் மறைக்கத் துணி 600, அதிகார வரிசையை அச்சிட்ட தாள் 900 என்று மீதிச் செலவும் என் பையிலிருந்தே போயிருந்தது. பிறகு தருகிறோம் என்பதுதான் பேச்சு.

படம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு காட்சியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: வசனம் பேசும்போது நீங்களும் பேசினால் இரண்டுமே கேட்காது. காட்சி மாறும் இடத்தில் பத்து விநாடி நிறுத்தி, இது இன்ன அதிகாரம், இவர் இன்னார் என்று மட்டும் சொன்னால் போதும். தொடக்கத்திலேயே தீர்க்கதரிசி சாமுவேல் பட்டயத்தை எடுத்து ஆகாகை வெட்டுகிறார். வேதத்தில் அது அரை வசனம். திரையில் பார்க்கும்போது அப்படி இல்லை. முன்வரிசையில் ஒரு பாட்டி பேரனின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடி நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். அவன் தலைப்பின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கோலியாத்து வந்தபோது கூடம் உயிர்பெற்றது, பையன்கள் விசிலடித்தார்கள். அதன் பிறகு இளம் தாவீதாக நடித்த பையன் போய் ரிச்சர்ட் கியர் வந்ததும் பலருக்கு இவர் யார் என்றே விளங்கவில்லை. இதை நான் முன்கூட்டியே சொல்லியிருந்தும் இரண்டு முறை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் தாளில் நடிகர் மாறும் இடத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

கூட்டம் கையை விட்டுப் போனது, பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வரும் காட்சியில். ‘தாவீது சணல்நூல் ஏபோத்தைத் தரித்துக்கொண்டு, தன் முழுப் பலத்தோடும் கர்த்தருக்கு முன்பாக நடனம்பண்ணினான்’ என்று (ஏபோத்து என்பது ஆசாரியர் அணியும் மேலாடை) நாம் வாசிப்பதை, கியர் இடுப்புத்துணியோடு தெருவில் குதித்து ஆடுவதாக எடுத்திருக்கிறார்கள். விமர்சகர்கள் இந்தப் படத்தில் கேலி செய்த காட்சிகளில் இதுவும் ஒன்று. முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது, பிறகு கூடம் முழுக்கப் பரவியது. சபை மூப்பர் ஒருவர் எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். அவர் குடும்பமும் பின்னால் போயிற்று. எனக்கு முகம் சுருங்கிப் போனது உண்மை. ஆனால் இப்போது யோசித்தால், அந்த இடத்தில் சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. மீகாள் ராஜாவை அவமதித்ததற்குக் காரணமே அந்தக் கோலம்தான். ராஜா அவ்வளவு கேலிக்குரியவராகத் தெரிந்தார் என்பதுதான் கதை. இதைச் சொல்ல நான் மைக்கை எடுத்தபோது சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்து பத்சேபாள் வந்தாள். நான் யாரையும் கேட்காமலே பிளேயரை நிறுத்தி ஐந்து நிமிடத் தேநீர் இடைவேளை அறிவித்து, அந்தப் பகுதியைத் தாண்டி ஓட்டினேன். திரும்பி வந்தவர்கள் பாதிதான்.

முடிவு இன்னும் சிக்கல். தேவாலயத்தின் மாதிரி உருவத்தைத் தாவீதே அடித்து நொறுக்குவதாகவும், மரணப்படுக்கையில் மகன் சாலொமோனிடம், தீர்க்கதரிசிகள் சொல்வதைவிட உன் இருதயம் சொல்வதைக் கேள் என்கிற பொருளில் பேசுவதாகவும் படம் முடிகிறது. ஒன்று இராஜாக்கள் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள் என்பதைத்தான் தாவீது முதலில் வலியுறுத்துகிறார், அதற்கடுத்து படைத்தலைவன் யோவாபின் நரைமயிரைச் சமாதானமாய்ப் பாதாளத்தில் இறங்க விடாதே, பர்சிலாயின் பிள்ளைகளுக்குத் தயவு செய், சீமேயியை விடாதே என்று பழைய கணக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஒப்படைக்கிறார். அந்தக் கிழவர் படத்தில் வருகிறவரைவிட ஆயிரம் மடங்கு உயிருள்ளவர். 1985-இன் ஹாலிவுட் தன் காலத்துக்குப் பிடித்த ஒரு கருத்தை அவர் வாயில் வைத்துவிட்டது. பக்தர்களும் ஏற்கவில்லை, கதையின் வன்மையை எதிர்பார்த்து வந்தவர்களும் ஏற்கவில்லை. படம் முடிந்ததும் ஒரு அம்மா என்னிடம் நேராகவே வந்து, ‘ஏன் சார், தாவீது ராசாவ இப்படியா காட்டுவாவ?’ என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், இப்படிப்பட்ட படத்தை யார் தேர்ந்தெடுத்தது என்ற கேள்வி வந்தபோது எல்லாக் கண்களும் என்மேல்தான் திரும்பின. நான் கையெழுத்து வாங்கி வைத்திருந்த நிமிடக் கணக்குப் பட்டியலையும், படத்தின் பெயரைத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பையும் மேசைமேல் வைத்தேன். பேச்சு அடங்கியது, ஆனால் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை, பணமும் வரவில்லை. திரையிடலுக்குக் கமிட்டி முன்பணம் ஒதுக்காத வரை ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. சில வாரங்கள் ஆராதனைக்குப் போகும்போதுகூடப் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறியதும் எழுந்து வந்துவிடுவேன். ஒரு சினிமாவுக்காகவா இவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள். சினிமாவுக்காக இல்லை, எச்சரித்தவன் மேலேயே பழி விழுந்ததற்காக.

ஆனால் அதே தட்டு பிற்பாடு பயன்பட்டது. வேதாகமத் தேர்வு நெருங்கியபோது மேல்நிலை மாணவர்கள் சிலர், சார், அந்தச் சவுல் வரும் இடத்தை மட்டும் மறுபடி காட்டுங்கள் என்று வந்தார்கள். சவுலாக நடித்த எட்வர்டு வுட்வார்டுதான் இந்தப் படத்தின் பலம். அவரும் பெரெஸ்ஃபோர்டும் 1980-இல் ‘பிரேக்கர் மொரான்ட்’ படத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். படத்தின் பெயர் தாவீது என்றாலும், ஆள் என்று மனத்தில் நிற்பவர் சவுல்தான். ‘சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்’ என்ற பாட்டைக் கேட்ட மனிதன் எப்படிப் புழுங்கியிருப்பான் என்பதை மாணவர்களுக்கு நான் முப்பது ஆண்டு வகுப்பில் சொன்னதைவிட அவர் முகம் நன்றாகச் சொல்லிவிடுகிறது. பள்ளி வகுப்பறையில், பதினைந்து பேருக்குள், ஒரு வகுப்புக்கு எட்டுப் பத்து நிமிடத் துண்டு ஒன்று, அதற்கு முன்னும் பின்னும் அந்த அதிகாரம் உரக்க வாசிப்பு என்று வைத்துக்கொண்டோம். முதலில் வாசிப்பு, பிறகு படம், பிறகு மறுபடி அதே அதிகாரம்; எது விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று மாணவர்களே எழுதினார்கள். பெட்டி வரும் காட்சியையும் அவ்விதமே போட்டேன். முதலில் சிரித்தார்கள், பிறகு மீகாள் தாவீதிடம் பேசிய வசனத்தை வாசித்தபோது ஒரு மாணவி, அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே சார் என்றாள். மணி அடித்த பிறகும் அந்த வாதம் ஓயவில்லை.

ஆகவே இந்தப் படத்தை உங்களிடம் கொடுத்து முழுவதும் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். துண்டுகளாகப் போடலாம் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். சவுலுக்கு நான்கு வகுப்பு ஒதுக்கலாம். கோலியாத்துக்கு ஒன்று போதும், அது பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. மரணப்படுக்கைக் காட்சியைப் பதினோராம் வகுப்புக்குக் கீழே காட்ட வேண்டாம். காட்டினால் ஒன்று இராஜாக்கள் 2-ஐ அதே வேளையில் வாசித்து முடிக்காமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தாவீதின் மகன் அப்சலோமின் மரணத்துக்கு மட்டும் நான் படத்தைத் தொடுவதே இல்லை. ‘என் மகனாகிய அப்சலோமே, என் மகனே, என் மகனாகிய அப்சலோமே’ என்ற வசனத்தை, வகுப்பில் குரல் நன்றாக இருக்கும் பையன் ஒருவனை எழுப்பி வாசிக்கச் சொல்கிறேன். அந்த வேளைக்கு புரொஜெக்டரை அலமாரியிலிருந்து எடுக்க வேண்டிய வேலையும் இல்லை.